எல்லோருக்கும் 110/70

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி தாய்சேய் நல நிலையத்துக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் அவர் ‘முத்தெழுத்து சிஸ்டர்’.

காரணம் கையெழுத்துதான். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு கையெழுத்து. ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கினார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் ஐம்பத்து நாலு வயதிலும் இறங்கவில்லை. நர்ஸ் பயிற்சியில் ஊசி போடுவதில் சுமார், கட்டுப் போடுவதில் சுமாருக்கும் கொஞ்சம் கீழே, குறிப்பேடு எழுதுவதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. காய்ச்சல்காரன் அனத்திக்கொண்டிருப்பான், இவர் அவனுடைய காய்ச்சலை அடிக்கோடு போட்டு அழகாக எழுதிக்கொண்டிருப்பார். கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, ‘உங்க வீட்டம்மா எழுதின படிவம் மாதிரி நாங்க பார்த்ததே இல்லை சார்’ என்று வார்டில் பாராட்டினார்களாம். மனுஷனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்ததோ தெரியாது.

இப்படிப்பட்டவர் கையில்தான் கர்ப்பிணிகளின் புத்தகம் போய்ச் சேர்ந்தது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்து பதிவு செய்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். முதல் பாதி தாய்க்கு, மறுபாதி பிறக்கப்போகும் குழந்தைக்கு. மாதாமாதம் எடை, பிரஷர், கால் வீக்கம், குழந்தையின் இதயத் துடிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு பக்கம், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகம் வீங்கினால் உடனே ஓடி வா என்று சொல்லும். தாயின் பகுதி முடிகிற இடத்தில், ‘தாயின் குறிப்புகள்’ என்ற தலைப்போடு ஒரு வெற்றுப் பக்கம்.

புத்தகத்தை அச்சடித்தவர்கள், பாவம், பெண்கள் அதைப் படிப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். முத்தெழுத்து சிஸ்டர் இருக்கும்போது அது நடக்குமா? புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடும்.

“மடக்காதே. எண்ணெய்க் கையோட தொடாதே. வீட்டுல எடுத்து விரிச்சு வச்சுக்கிட்டு உட்காராதே. பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவுல வை. வியாழக்கிழமை வர்றப்ப எடுத்துட்டு வா, போதும்.”

“சரிங்க சிஸ்டர்” என்று பெண்களும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தி அதற்குள் பஸ் சீட்டுகளைச் சேர்த்து வைத்தாள். இன்னொருத்தி மூத்த குழந்தைக்கு எட்டாத உயரத்தில், அலமாரி உச்சியில் போட்டு, பிரசவத்தன்று ஏணி தேடினாள். சிவப்புப் பக்கத்தை யாரும் பார்த்ததாகத் தகவல் இல்லை. படிக்கக் கொடுத்த புத்தகத்தைப் பத்திரப்படுத்தச் சொன்ன பெருமை நம் சிஸ்டரையே சேரும்.

இதற்குப் பின்னால் ஒரு போட்டி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகம் எல்லா நிலையங்களிலிருந்தும் புத்தகங்களை வரவழைத்து, ‘மாதிரிப் புத்தகம்’ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். காலிக் கட்டம் இருக்கக்கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது, கறை கூடாது. எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. சிஸ்டரின் நிலையம் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. மூன்றாவது முறையும் ஜெயித்துவிட்டால், அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டுவார்களாம், கீழே எழுதியவர் பெயரோடு. அந்தச் சட்டத்தை நினைத்தாலே சிஸ்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

ஆனால் வியாழக்கிழமை என்பது முத்தெழுத்துக்கான கிழமையா? அறுபது பெண்கள், ஒரு சிஸ்டர், ஒரு ஆயா. ஒருத்தி வாந்தி எடுப்பாள், ஒருத்தி பெஞ்சுக்குச் சண்டை போடுவாள், ஒருத்தியோடு வந்த மூத்த குழந்தை மேஜைக்கு அடியில் புகுந்து பேனாவை எடுத்துக்கொண்டு ஓடும். அந்த அமளியில் ஒருமுறை எழுத்தில் மை இழுகிவிட்டது. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிட்டுப் போனார். அன்றிரவு சிஸ்டர் சாப்பிடவில்லை.

மறு வாரத்திலிருந்து புதன்கிழமை மத்தியானம், ஈ காக்கை இல்லாத நேரத்தில், வியாழனுக்கான தேதியை எல்லாப் புத்தகத்திலும் முன்கூட்டியே எழுதி வைத்தார். புத்தகங்களைப் புதனன்றே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். தேதிதானே, என்ன குடி முழுகிவிடப் போகிறது? பிறகு எடையையும் எழுதினார். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ ஏறப்போகிறது, அதை இன்றைக்கு எழுதினால் என்ன, நாளைக்கு எழுதினால் என்ன? கடைசியில் பிரஷரும் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் 110/70.

ஏன் 110/70 என்று கேட்பீர்கள். எழுதிப் பாருங்கள் தெரியும். ஒல்லியாக, நிமிர்ந்து, பாந்தமாக நிற்கிற எண்கள். அதுவே 138/88 என்று எழுதினால் எட்டும் எட்டும் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று இருக்கும். இதைச் சிஸ்டரே ஆயாவிடம் சொல்லியிருக்கிறார். பிரஷர் பார்க்கிற கருவி பெட்டியோடு பீரோவில் ஓய்வெடுத்தது. துடைத்துத் துடைத்து வைத்ததில் அதுவும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது.

இந்த நிலையில் சிஸ்டரின் மருமகள் உண்டாகியிருந்தாள்.

மகன் லாரி ஓட்டுகிறவன், போனால் ஒரு வாரம். மருமகள் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். சட்டைக் காலர் தைக்கிற வரிசையில் அவள் ஐந்தாவது மெஷின். நல்ல பெண்தான், ஆனால் மாமியாருக்கு அவளிடம் ஒரே ஒரு குறை: கையெழுத்து. கோழி கிறுக்கினால்கூட அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். தையல் சுண்ணாம்பால் துணியில் அழுத்திக் கோடு போட்டுப் பழகிய கை அது, பென்சிலையும் தாளில் அப்படித்தான் அழுத்தும். மளிகைச் சீட்டு எழுதினால் அடித்தாளிலும் ஒரு மளிகைச் சீட்டு விழும்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அச்சடித்த எதைப் பார்த்தாலும் படித்துவிடுவாள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துச் சீட்டு உட்பட. புத்தகம் கைக்கு வந்த அன்றே அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டாள். ‘தாயின் குறிப்புகள்’ பக்கத்தில், ‘நீங்கள் கவனித்ததை இங்கே எழுதுங்கள்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எழுதச் சொன்னார்கள், எழுதினாள். ஆலையின் முதலுதவி அறையில் ஒரு பேட்டரி பிரஷர் மெஷின் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் அங்கே கையை நீட்டுவாள். மெஷின் காட்டுகிற எண்ணைத் தேதியோடு பென்சிலால் அந்தப் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். மாமியாருக்குத் தெரியாது. அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை.

எட்டாம் மாதம் பிறந்தது. மாதிரிப் புத்தகத்துக்கு மருமகளின் புத்தகத்தைத்தான் அனுப்புவது என்று சிஸ்டர் எப்போதோ முடிவு செய்திருந்தார். அடுத்தவள் வீட்டுப் புத்தகத்தை நம்ப முடியுமா? இது தன் பீரோவிலேயே இருக்கிறது. வரும் புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மருமகள் ஆலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க. மாசா மாசம் ஏறிக்கிட்டே போகுது. இன்னிக்கு நூத்தி நாப்பத்தாறு காட்டுச்சு. முதலுதவி அக்கா உங்ககிட்ட உடனே காட்டச் சொன்னாங்க.”

சிஸ்டரின் கண்ணில் எண் படவில்லை. கிறுக்கல்தான் பட்டது.

“அடிப்பாவி! இந்தப் பக்கத்துல ஏண்டி எழுதினே?”

“எழுதச் சொல்லி அதுலயே போட்டிருக்கே.”

“போடுவான், அவனுக்கென்ன! யாராவது எழுதி நீ பார்த்திருக்கியா?”

“அதை விடுங்க அத்தை. பிரஷரைச் சொல்லுங்க. ரெண்டு நாளா தலை வேற பாரமா இருக்கு.”

“பேட்டரி மெஷினை எல்லாம் நம்பிக்கிட்டு! இங்க பாரு.” சிஸ்டர் தன் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். “போன மாசம் 110/70. அதுக்கு முந்தின மாசம் 110/70. புத்தகத்துலயே இருக்கு, அப்புறம் என்ன? வெயில்ல வந்தா தலை வலிக்கத்தான் செய்யும். போய்ப் படு.”

தானே புனைந்து எழுதியதைத் தானே சாட்சிக்குக் கூப்பிடுவது சாமர்த்தியமா, கிறுக்கா? சிஸ்டர் மனசறிந்து பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. இத்தனை வருஷம் எழுதி எழுதி, தான் எழுதியது நிஜம் என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் புது ரப்பர் ஒன்று வாங்கி வந்தார். வெள்ளை ரப்பர், தாளைப் புண்ணாக்காத ரகம். சன்னல் ஓரமாக உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்த ஒவ்வொரு எண்ணையும் எழுத்தையும், படித்துப் பார்க்காமலே, பொறுமையாக அழித்தார். துகளை ஊதினார். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு ஒரு சங்கடம் தோன்றியது. புதனன்று புத்தகம் போய்விடும், பதினைந்தாம் தேதி வியாழக்கிழமைக் கட்டம் காலியாக அல்லவா போகும்? காலிக் கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண் போச்சு. பேனாவை எடுத்தார். தேதி, எடை, வீக்கம் இல்லை, 110/70. அன்றைக்கு எழுத்து அவ்வளவு அருமையாக வந்தது என்று அவரே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆலையிலிருந்து போன். மருமகளுக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதாம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, தலை வெடிக்கிறது என்று மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாளாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். “புத்தகத்தை எடுத்துட்டு வாங்கம்மா, அங்க கேக்கறாங்க” என்றார்கள்.

சிஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. ஆனாலும் பாருங்கள், அந்தப் பதற்றத்திலும் புத்தகத்துக்கு இரண்டாவது உறை ஒன்று போட்டுத்தான் எடுத்துக்கொண்டார்.

பிரசவ வார்டில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மருமகள் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள், முகம் ஊதியிருந்தது. அந்த வீக்கத்தை ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று சிஸ்டருக்கு அப்போதுதான் பகீரென்றது.

“பிரஷர் நூத்தி எழுபது, நூத்திப் பத்து” என்றார் டாக்டர். “வலிப்பு வராம இருக்க ஊசி போட்டாச்சு. புத்தகம் எங்க?”

சிஸ்டர் இரண்டு உறையையும் கழற்றி நீட்டினார். டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று சிஸ்டரின் மனசு அந்த நேரத்திலும் ஒரு நொடி நிமிர்ந்தது. புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

“இன்னிக்கு என்ன தேதி?”

“பதிமூணு.”

“இதுல பதினஞ்சாம் தேதி பார்த்த பிரஷர் எழுதியிருக்கு.”

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். “அவசரத்துல... தேதி மாறி விழுந்திருக்கும் டாக்டர்.”

“இந்த எழுத்து அவசரத்துல எழுதின மாதிரி தெரியலையே. யார் எழுதினது?”

“நான்தான். தாய்சேய் நிலையத்து சிஸ்டர். இவ என் மருமக.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

“சிஸ்டர், நல்லா கேட்டுக்குங்க. எட்டு மாசம்தான் ஆகுது, குழந்தை ரொம்பச் சின்னது. பிரஷர் இன்னிக்குத்தான் திடீர்னு ஏறினதுன்னா, மருந்து கொடுத்து, குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள் பார்ப்பேன். மாசக்கணக்கா ஏறிக்கிட்டே வந்திருந்தா காத்திருக்க மாட்டேன், இன்னிக்கே எடுத்துடுவேன். இல்லைன்னா அம்மாவும் போகலாம், குழந்தையும் போகலாம். புத்தகத்துல ஏழு மாசமும் 110/70ன்னு இருக்கு. இதை நம்பட்டுமா, வேண்டாமா?”

வார்டில் ஆறு கட்டில். எல்லாக் கட்டிலுக்கும் காது இருந்தது. அதில் இரண்டு பேர் சிஸ்டரிடமே புத்தகம் வாங்கியவர்கள். ‘நம்புங்கள்’ என்று சொன்னால் பெயர் பிழைக்கும். சட்டம் போட்ட பக்கம் அலுவலக வாசலில் தொங்கும். கட்டிலில் கிடப்பவள் என்ன ஆவாள் என்று தெரியாது.

“நம்பாதீங்க” என்றார் சிஸ்டர். மறுபடி சொன்னார். “நம்பாதீங்க டாக்டர். நான் பார்க்கவே இல்லை. சும்மா எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன்.”

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்ப எதுவுமே இல்லையா? வேற எங்கயாவது பார்த்தாங்களா?”

“இவளே பார்த்து எழுதி வச்சிருந்தா. பென்சில்ல.” சிஸ்டர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “நான் ரப்பர் போட்டு அழிச்சிட்டேன்.”

டாக்டர் புத்தகத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு சன்னலுக்கு ஓடினார். ‘தாயின் குறிப்புகள்’ பக்கத்தை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். வெள்ளை ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது. சுண்ணாம்பால் கோடு போட்டுப் பழகிய கை அழுத்திய பள்ளத்தை அது என்ன செய்ய முடியும்? எண்கள் தாளுக்குள் குழியாகக் கிடந்தன. இத்தனை நாள் பார்த்தாலே முகம் சுளித்த அந்தக் கிறுக்கலைச் சிஸ்டர் விரலால் தடவித் தடவி, சத்தமாகப் படித்தார்.

“நாலாம் மாசம் நூத்திப் பன்னிரண்டு, எழுபத்தி நாலு. அஞ்சு... நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. ஆறாம் மாசம் நூத்தி இருபத்தெட்டு. ஏழுல நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. போன சனிக்கிழமை நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூத்தி நாலு. கீழே ஏதோ எழுதியிருக்கா டாக்டர்... ‘அத்தைகிட்ட சொல்லணும்’னு எழுதியிருக்கா.”

டாக்டர் அதற்குள் அறுவை அறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெண் குழந்தை, ஒண்ணே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மருமகள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர் சிஸ்டரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு பக்கம் எழுதினார். அவருடைய கையெழுத்து மகா மோசம், ஒரு வரியும் நேராக நிற்கவில்லை. ஆனால் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம்.

புதன்கிழமை மேற்பார்வை அம்மாள் போன் செய்தார். விஷயம் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. புத்தகம் ஏன் வரவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றார் சிஸ்டர். “அடடா, அங்க ரத்தம் கித்தம் பட்டுடப்போகுது, பார்த்துக்கம்மா” என்று கவலைப்பட்டார் அந்த அம்மாள். சிஸ்டர் பேச்சின் நடுவிலேயே போனை வைத்தார். அப்படி அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

விசாரணைக் கடிதம் வரும்வரை வேலை அவருடையதுதானே? வியாழக்கிழமை பீரோவைத் திறந்து பிரஷர் கருவியை வெளியே எடுத்தார். அறுபத்திரண்டு புத்தகங்களிலும் தான் எழுதிய 110/70 அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பெண்கள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள்.

“என்ன சிஸ்டர், இவ்வளவு நாள் பத்திரமா வச்சிருந்த புத்தகத்தை இப்படி அசிங்கம் பண்ணிட்டீங்களே!”

பதினொன்றாவதாக வந்தவள் காய்கறிக்கடைக்காரி. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்ட சிஸ்டர் மறுபடி ஒருமுறை காற்றடித்துக் கேட்டார். 152/98. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

“எனக்கா? எனக்கு எப்பவும் 110/70தான் சிஸ்டர்” என்று அவள் சிரித்தாள். “புத்தகத்துலயே இருக்கே, அப்புறம் என்ன?”

சிஸ்டர் ஆயாவைக் கூப்பிட்டு, அவளோடு ஆட்டோவில் ஏறிப் போகச் சொன்னார். அவள் போகமாட்டேன், கடையில் ஆளில்லை என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடினாள். கடைசியில் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் சிஸ்டர் அவளை ஏற்றி அனுப்பினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருமகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்ட மாமியாரை அவள் உள்ளே வாவென்றும் கூப்பிடவில்லை, போவென்றும் சொல்லவில்லை. மடியில் புத்தகம் இருந்தது, குழந்தையின் பாதி விரித்தபடி.

“ஒண்ணே முக்கால்னு எழுதணும்” என்றாள்.

சிஸ்டரின் கை பழக்க தோஷத்தில் பேனாவுக்குப் போனது.

“வேணாம் அத்தை. நான் எழுதிக்கறேன். பென்சில் இருந்தா குடுங்க.”

சிஸ்டர் பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். நல்ல பென்சில், வாலில் ரப்பர் வைத்தது. மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வால் பக்கத்தை வாயில் வைத்து, அந்த ரப்பரைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்தாள். அதை மாமியாரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அழுத்தி அழுத்தி எழுத ஆரம்பித்தாள்.